கேலக்ஸியைச் சுற்றியுள்ள சூடான வாயு: சந்திராவா, எக்ஸ்எம்எம்மா, ஈரோசிட்டாவா, கிரிஸமா?

எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கோ பிஎச்.டி. முதல் ஆண்டுக்கோ எக்ஸ் கதிர் வானியலை எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பெரிய கேலக்ஸியைச் சுற்றி இருக்கிற சூடான வாயுவை ஆராயணும். எந்தத் தொலைநோக்கியோட தரவை எடுக்கட்டும்?" தலைப்பில் இருக்கும் நான்கும் விண்வெளியில் இருக்கும் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகள். தரவு பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் கையில் இருப்பது ஆறு மாதமும் ஒரு மடிக்கணினியும். பொருந்தாத தரவை எடுத்துவிட்டால் அந்த ஆறு மாதமும் பின்னணியைக் கழிப்பதிலேயே கரைந்துவிடும். அப்புறம் ஆய்வேட்டில் எழுத ஒன்றும் மிஞ்சாது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேலக்ஸியின் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் வரை போகப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அது முடிவானால் தொலைநோக்கி பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். எப்படி என்று பார்ப்போம்.

## என்ன அளக்கப் போகிறோம்?

1978இல் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் ஆய்வகம்தான் பெரிய நீள்வட்டக் கேலக்ஸிகளைச் சுற்றி எக்ஸ் கதிர் வீசும் வாயு இருப்பதைக் காட்டியது. அதை வைத்து ஃபார்மன், ஜோன்ஸ், டக்கர் மூவரும் 1985இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறை கிளம்பியது. இந்த வாயுவின் வெப்பநிலை 0.3 முதல் 1 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை (இனி சுருக்கமாக கேஇவி). கெல்வினில் சொன்னால் சுமார் 35 லட்சம் முதல் ஒரு கோடி வரை.

பிரபஞ்சத்தின் மொத்தப் பொருளில் சாதாரண அணுப்பொருள் ஏறக்குறைய 16 விழுக்காடு. ஒரு கேலக்ஸியில் விண்மீன்களையும் குளிர்ந்த வாயுவையும் கூட்டினால் அந்தப் பங்கு வருவதில்லை, பாக்கி எங்கோ இருக்கிறது. கேலக்ஸியைச் சூழ்ந்திருக்கும் இந்தச் சூடான வாயு மண்டலத்தில் (இனி ஹாலோ) அது எவ்வளவு என்பதுதான் மையக் கேள்வி. இதோடு சேர்ந்து வரும் இன்னொரு கேள்வி, நடுவில் இருக்கும் கருந்துளை இந்த வாயுவை எப்படிச் சூடாக வைத்திருக்கிறது என்பது.

இரண்டும் ஒரே வாயுவைப் பற்றியவைதான். ஆனால் கருந்துளைக் கேள்விக்கான விடை மையத்தைச் சுற்றி ஒன்றிரண்டு பத்து கிலோபார்செக்குக்குள் கிடைத்துவிடும் (ஒரு கிலோபார்செக் என்பது சுமார் 3,260 ஒளியாண்டு). நிறைக் கேள்விக்கு நானூறு ஐந்நூறு கிலோபார்செக் வரை போக வேண்டும்.

ஓர் உதாரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். என்ஜிசி 1961 என்ற சுருள் கேலக்ஸி நம்மிடமிருந்து சுமார் 56 மெகாபார்செக் தொலைவில், அதாவது 18 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. மிகப் பெரிய சுருள் கேலக்ஸி. ஆண்டர்சனும் பிரெக்மனும் 2011இல் சந்திரா தரவிலும், போக்டான் குழுவினர் 2013இல் எக்ஸ்எம்எம் தரவிலும் அதன் ஹாலோவைக் கண்டார்கள். வாயு தெளிவாகத் தெரிந்தது ஏறத்தாழ 50, 60 கிலோபார்செக் வரைதான். ஹாலோவோ 470 கிலோபார்செக் வரை பரவியிருக்கிறது. இடையில் இருக்கும் பகுதியை ஒரு சூத்திரத்தை நீட்டித்தான் நிரப்ப வேண்டும்.

அந்தச் சூத்திரத்தில் பீட்டா என்ற எண் அடர்த்தி எவ்வளவு வேகமாக விழுகிறது என்பதைச் சொல்கிறது. பீட்டா 0.5 என்றால் 50லிருந்து 470 கிலோபார்செக் போகும்போது வாயு நிறை சுமார் 29 மடங்காகும். 0.4 என்றால் சுமார் 56 மடங்கு. பீட்டாவில் 0.1 வித்தியாசம், விடையில் இரட்டிப்பு! எக்ஸ் கதிர் ஒளிர்வோ அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது. அதனால் பீட்டா 0.5 என்று வைத்துக்கொண்டாலும் 470 கிலோபார்செக்கில் மேற்பரப்பு ஒளிர்வு 50இல் இருப்பதில் ஏறக்குறைய 90இல் ஒரு பங்குதான் இருக்கும். நமக்குத் தேவையான நிறை பெரும்பாலும் அந்த மங்கலான பகுதியில்தான் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது?

கூர்மை. நீள்வட்டக் கேலக்ஸியில் வாயு மட்டும் எக்ஸ் கதிர் வீசுவதில்லை. நியூட்ரான் விண்மீனோ கருந்துளையோ துணை விண்மீனிடமிருந்து பொருளை இழுக்கும் இரட்டைகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றைப் புள்ளி புள்ளியாகப் பிரித்து நீக்க முடியாவிட்டால், அவற்றின் ஒளியையும் வாயு என்று எண்ணிவிடுவோம்.

பார்வைப் பரப்பு. ஹாலோ முழுவதும் ஒரே படத்தில் அடங்க வேண்டும். அதற்கு வெளியேயும் கொஞ்சம் வெற்று வானம் வேண்டும், இல்லாவிட்டால் பின்னணியை எங்கிருந்து அளப்பது? பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

மென்மையான பக்கத்தில், அதாவது குறைந்த ஆற்றல் பக்கத்தில் திறன். அரை கேஇவி வாயுவின் ஒளி பெரும்பகுதி 0.5 முதல் 1.2 கேஇவிக்குள் வந்துவிடும். குறிப்பாக இரும்பு அணுக்கள் வீசும் எல் நிறமாலைக் கோடுகள் 0.7 முதல் 1.2 வரை ஒரு திமில் மாதிரி எழும்பி நிற்கும். அந்தப் பக்கம் குருடான கருவி நம் வேலைக்கு ஆகாது.

பின்னணி. இதற்குத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக எடை தருவேன். டிடெக்டரில் மோதும் துகள்கள், நம் பால்வெளியின் சூடான வாயு, சூரியக் காற்று பூமிக்கு அருகே உண்டாக்கும் ஆக்சிஜன் கோடுகள், தொலைதூரக் கருந்துளைகளின் கூட்டு ஒளி எல்லாம் இதில் சேரும். ஹாலோவின் விளிம்பில் நம் சமிக்ஞையைவிட இவை பெரியவை. பின்னணியை ஒரு சில விழுக்காடு பிசகாக மதிப்பிட்டாலே பீட்டா 0.1 நகர்ந்துவிடும். அது நகர்ந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

ஆற்றல் பிரிதிறன். இந்த வெப்பநிலையில் ஒளியின் பெரும்பகுதி கோடுகள்தான். சாதாரண சிசிடி டிடெக்டர் அந்தக் கோடுகளை ஒரே குவியலாகத்தான் பார்க்கும். அதனால் "உலோகம் அதிகம், வாயு குறைவு" என்பதும் "உலோகம் குறைவு, வாயு அதிகம்" என்பதும் கிட்டத்தட்ட ஒரே நிறமாலையைத் தரும் (வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமம் எல்லாமே உலோகம்தான்). உலோக அளவைச் சூரியனில் 0.3 மடங்கு என்று வைப்பதற்கும் 1 மடங்கு என்று வைப்பதற்கும் வாயு நிறை ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை மாறலாம். நான்கு தேர்வுகளில் மூன்றுக்கு இந்தக் குறை உண்டு.

கடைசியாக உழைப்பு: மென்பொருளைக் கற்க எவ்வளவு நாள், மாட்டிக்கொண்டால் கேட்க ஆள் உண்டா, ஆவணக் காப்பகத்தில் எவ்வளவு இருக்கிறது.

கீழே அட்டவணையில் ஆர்க்மினிட் என்பது ஒரு டிகிரியில் 60இல் ஒரு பங்கு, ஆர்க்செகண்ட் அதிலும் 60இல் ஒரு பங்கு. வானளவை என்பது வானம் முழுவதையும் வருடிப் பார்ப்பது. அடைப்புக்குறிக்குள் இருப்பவை அந்தந்தத் தொலைநோக்கியில் உள்ள கருவியின் பெயர்.

| | சந்திரா (ஏசிஸ்) | எக்ஸ்எம்எம் (எபிக்) | ஈரோசிட்டா | கிரிஸம் (ரிசால்வ்) |
|---|---|---|---|---|
| ஏவப்பட்டது | ஜூலை 1999 | டிசம்பர் 1999 | ஜூலை 2019 | செப்டம்பர் 2023 |
| கூர்மை | 0.5 ஆர்க்செகண்ட் | மையக் கூர்மை 6, பாதி ஒளி விழும் விட்டம் 15 ஆர்க்செகண்ட் | வானளவையில் சுமார் 30 ஆர்க்செகண்ட் | ஒரு ஆர்க்மினிட்டுக்கு மேல் |
| பார்வைப் பரப்பு | ஒரு சிப் 8.3 ஆர்க்மினிட், நான்கு சேர்ந்தால் 16.9 | 30 ஆர்க்மினிட் | 1 டிகிரி. வானளவை | 3 ஆர்க்மினிட் |
| என்ஜிசி 1961 தூரத்தில் எட்டும் ஆரம் | ஒரு சிப்பில் 67 கிலோபார்செக் | சுமார் 240 | சுமார் 490 | சுமார் 25 |
| ஆற்றல் பிரிதிறன் | 100 எலெக்ட்ரான் வோல்ட் அளவில் | 100 அளவில் | 100 அளவில் | சுமார் 5 |
| மறைந்திருக்கும் செலவு | வடிகட்டியில் படிந்த மாசு | புரோட்டான் வீச்சு | மிகக் குறைந்த பதிவு நேரம் | திறக்காத கதவு |

நான்காவது வரிசையைப் பாருங்கள். ஒரே கேலக்ஸி, ஆனால் சந்திராவின் ஒரு சிப்பில் ஹாலோவின் ஏழில் ஒரு பங்கு ஆரம்தான் அடங்குகிறது. எக்ஸ்எம்எம்மில் பாதி. ஈரோசிட்டாவில் மட்டும்தான் முழுசாக அடங்குகிறது.

## சந்திரா: மையத்துக்குப் போட்டியே இல்லை

லாகூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய தொலைநோக்கி. 1999 ஜூலை 23இல் கொலம்பியா விண்ணோடத்தில் போனது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதன் அரை ஆர்க்செகண்ட் கூர்மையை வேறு எந்த எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியும் எட்டவில்லை. கன்னி கேலக்ஸிக் கொத்தின் நடுவில் இருக்கும் எம்87 கேலக்ஸியின் தூரத்தில் ஒரு ஆர்க்செகண்ட் என்பது 80 பார்செக்.

இந்தக் கூர்மைக்கு என்ன பலன் என்று என்ஜிசி 5813ஐ வைத்துப் பார்க்கலாம். சுமார் 32 மெகாபார்செக் தொலைவில் ஒரு கேலக்ஸிக் குழுவின் நடுவே இருக்கும் நீள்வட்டக் கேலக்ஸி. சந்திரா அதை மொத்தம் ஆறரை லட்சம் நொடி, அதாவது ஏழரை நாள் பார்த்தது. வாயுவில் மூன்று ஜோடிக் குழிகள் ஒரே கோட்டில் வரிசையாக இருந்தன. மையக் கருந்துளை மூன்று முறை பீறிட்டதன் அடையாளம் அது. ஒவ்வொரு வெடிப்பின் அதிர்வலை விளிம்பும் படத்தில் தெரிகிறது. குழி எவ்வளவு பெரியது, சுற்றியுள்ள அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்தால் வெடிப்பின் ஆற்றல் கிடைத்துவிடும். உட்புற ஜோடி மையத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோபார்செக்குக்குள் இருக்கிறது. அந்தத் தூரத்தில் ஒரு கிலோபார்செக் என்பது 6.4 ஆர்க்செகண்ட். எக்ஸ்எம்எம்மில் அந்த ஜோடி ஒரு மங்கலான பள்ளமாகக்கூடத் தெரிவது சந்தேகம்.

புள்ளி மூலங்களிலும் இதே கதைதான். என்ஜிசி 4697 என்ற கேலக்ஸியின் எக்ஸ் கதிர் ஒளியில் பெரும்பகுதி எக்ஸ் கதிர் இரட்டைகளிலிருந்து வருகிறது என்று 2000இல் சந்திராதான் பிரித்துக் காட்டியது. அதற்கு முன் அது விவாதமாகவே இருந்தது.

மறைந்திருக்கும் செலவு. ஏசிஸ் டிடெக்டரின் முன்னால் இருக்கும் ஒளித் தடுப்பு வடிகட்டியில் ஆண்டுக்கு ஆண்டு ஒரு படலம் படிந்துகொண்டே வருகிறது. அது முதலில் விழுங்குவது 1 கேஇவிக்குக் கீழே உள்ள ஒளியை, அதாவது நம் வாயுவின் ஒளியை. காப்பகத்தில் ஒரே கேலக்ஸிக்கு 2001இல் எடுத்த 40,000 நொடியும் 2020இல் எடுத்த 40,000 நொடியும் இருந்தால், மென்மையான வாயுவுக்கு 2001இன் பதிவே மேல். "புதுசு நல்லதுதானே" என்று நினைத்துப் புதியதை மட்டும் இறக்கிக்கொள்பவர்கள் அதிகம், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பழையதையும் புதியதையும் சேர்த்துப் பொருத்தும்போது அந்தந்தத் தேதிக்கான அளவுத்திருத்தக் கோப்பு தனித்தனியாகப் போயிருக்கிறதா என்று பாருங்கள். சந்திரா தரவுக்கான சியாவோ மென்பொருள் அதைத் தானாகவே செய்யும், ஆனால் அளவுத்திருத்தத் தரவுத்தளம் பழையதாக இருந்தால் சத்தமில்லாமல் தப்பாகச் செய்யும்.

அருகிலுள்ள கேலக்ஸி என்றால் வாயு சிப் முழுவதையும் நிரப்பிவிடும், உள்ளூர்ப் பின்னணி எடுக்க இடம் இருக்காது. அப்போது வெற்று வானக் கோப்புகளைத்தான் நம்ப வேண்டும்.

எப்போது இது சரி? மையம், குழிகள், அதிர்வலைகள், குளிர்ந்த வாயுவின் விளிம்புகள், எக்ஸ் கதிர் இரட்டைகள். முதல் முறை எக்ஸ் கதிர்த் தரவைத் தொடுபவருக்கும் இதையே சொல்வேன். பின்னணி ஓரளவு அடக்கமானது, சியாவோவின் பாட வழிகாட்டிகள் படிப்படியாக எழுதப்பட்டவை, ஒரு வாரத்தில் படம் கைக்கு வந்துவிடும்.

## எக்ஸ்எம்எம்-நியூட்டன்: ஹாலோவின் உடலுக்கு

1999 டிசம்பர் 10இல் கூருவிலிருந்து ஏரியன் 5இல் போன ஐரோப்பியத் தொலைநோக்கி. மூன்று தொலைநோக்கிகள் ஒன்றாகப் பார்க்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒன்றுக்குள் ஒன்றாக 58 கண்ணாடிகள். ஒளியைச் சேர்க்கும் பரப்பில் சந்திரா இதன் பக்கத்தில் நிற்க முடியாது. பார்வைப் பரப்பும் 30 ஆர்க்மினிட். மங்கலான, பரந்த வாயுவுக்கு இரண்டுமே வேண்டும். பெரிய சுருள் கேலக்ஸிகளின் ஹாலோ பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு எக்ஸ்எம்எம் தந்தது. என்ஜிசி 1961, என்ஜிசி 6753, மிக வேகமாகச் சுழலும் யூஜிசி 12591 எல்லாமே இதன் பட்டியலில் உண்டு.

ஆனால் பின்னணியில் இது பாடாய்ப் படுத்தும். எப்படி என்று கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

ஒரு பதிவை இறக்கியதும் முதல் வேலை, 10 கேஇவிக்கு மேலே உள்ள எண்ணிக்கையை 100 நொடிக்கு ஒரு புள்ளியாக வரைவது. அந்த ஆற்றலில் நம் கேலக்ஸி ஒன்றுமே தருவதில்லை, தெரிவதெல்லாம் துகள்கள். நல்ல பதிவில் கோடு தரையோடு தரையாகப் போகும். மோசமான பதிவில் திடீரென்று பத்து, நூறு மடங்கு எழும்பும். பூமியின் காந்த மண்டலத்தில் சுற்றும் குறைந்த ஆற்றல் புரோட்டான்கள் கண்ணாடி வழியாகவே டிடெக்டருக்குள் வந்துவிடுகின்றன. எபிக்கில் மாஸ், பிஎன் என்று இரு வகை டிடெக்டர்கள். எண்ணிக்கை மாஸுக்கு நொடிக்கு 0.35, பிஎன்னுக்கு 0.4 என்ற எல்லைக்கு மேலே போன நேரத்தையெல்லாம் வெட்டி எறிவது வழக்கம். பதிவு நேரத்தில் 30, 40 விழுக்காடு இப்படிப் போவது சகஜம். முழுப் பதிவுமே போனதும் உண்டு.

வெட்டிய பிறகும் வேலை முடிவதில்லை. எல்லைக்குக் கீழே மெல்லிய புரோட்டான் வரத்து இருந்துகொண்டே இருக்கும். மாஸ் டிடெக்டரின் மூலைகளில் வானம் படாது. அந்த மூலைகளில் உள்ள எண்ணிக்கையை வானம் படும் பகுதியோடு ஒப்பிட்டுத்தான் மிச்சம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். பிஎன்னில் அப்படிப்பட்ட மூலை குறைவு, அதனால் அங்கே இது இன்னும் சிரமம். இது போக, கருவியின் அலுமினியம் 1.49 கேஇவியில் தானே ஒரு கோடு வீசும். மக்னீசியத்தின் கோடு 1.47இல் இருக்கிறது. ஹாலோவின் விளிம்பில் "மக்னீசியம் செழிப்பாக இருக்கிறது" என்று மகிழ்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மாஸ்1 டிடெக்டரில் 2005இல் ஒரு சிப்பும் 2012இல் இன்னொரு சிப்பும் செயலிழந்துவிட்டன, எனவே பிந்தைய படங்களில் அந்த ஓட்டைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எக்ஸ்எம்எம் தரவுக்கான சாஸ் மென்பொருளில் பரந்த மூலங்களுக்கென்றே ஒரு தனித் தொகுப்பு உண்டு. அதைக் கற்க மட்டும் ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

எக்ஸ்எம்எம்மில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று ஆர்ஜிஎஸ். 0.35 முதல் 2.5 கேஇவி வரை கோடுகளைப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி. மூலம் பரந்திருந்தால் கோடும் பரவிவிடும். ஒரு ஆர்க்மினிட்டுக்கு அலைநீளத்தில் 0.138 ஆங்ஸ்ட்ராம் என்று கணக்கு. அதனால் ஹாலோ முழுவதற்கும் உதவாது. பிரகாசமான, கச்சிதமான மையம் என்றால் பொன்னானது. 15 ஆங்ஸ்ட்ராமில் இருக்கும் இரும்புக் கோட்டின் ஒளி வாயுவிலேயே பட்டுச் சிதறும், 17இல் இருப்பவை அவ்வளவாகச் சிதறா. இரண்டின் விகிதத்தை வைத்து என்ஜிசி 4636 போன்ற கேலக்ஸிகளில் வாயு எவ்வளவு கொந்தளிக்கிறது என்று அளந்திருக்கிறார்கள். எபிக் படத்துக்காக நீங்கள் இறக்கிய அதே பதிவோடு இதுவும் சேர்ந்தே வருகிறது.

எப்போது இது சரி? 20லிருந்து 150 கிலோபார்செக் வரை வெப்பநிலை, அடர்த்தி, உலோகம் எப்படி மாறுகின்றன என்று தனி ஒரு கேலக்ஸிக்குச் சொல்ல வேண்டும் என்றால் எக்ஸ்எம்எம்தான். ஆறு மாதத்துக்குக் குறைவான நேரம் இருந்தால் யோசியுங்கள்.

## ஈரோசிட்டா: ஒரு கேலக்ஸி வேண்டாம், பல்லாயிரம் போதும்

ஸ்பெக்டர்-ஆர்ஜி விண்கலத்தில் 2019 ஜூலை 13இல் பைகோனூரிலிருந்து போனது. ஏழு தொலைநோக்கிகள். சூரியன், பூமி இரண்டும் சேர்ந்த இரண்டாம் லக்ராஞ்சுப் புள்ளியில் நின்று வானம் முழுவதையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருடிக்கொண்டிருந்தது. நான்கு முழுச் சுற்று முடிந்து ஐந்தாவது நடந்துகொண்டிருக்கும்போது, உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 பிப்ரவரியில் கருவியை நிறுத்திவைத்தார்கள்.

முதல் சுற்றின் ஜெர்மன் பாதி 2024 ஜனவரி 31இல் பொதுவுக்கு வந்தது. அதில் சுமார் 9 லட்சம் மூலங்கள். வானத்தின் இன்னொரு பாதி ரஷ்யக் கூட்டாளிகளுடையது, பொதுவில் இல்லை. பிடித்த கேலக்ஸியைத் தேர்வதற்கு முன் அதன் பால்வெளித் தீர்க்கரேகையைப் பாருங்கள். 180 முதல் 360 டிகிரிக்குள் இருந்தால்தான் கிடைக்கும். எம்87 கிடைக்கும். நாம் கணக்குப் போட்ட என்ஜிசி 1961 கிடைக்காது!

கிடைத்தாலும் ஒரு தனி கேலக்ஸிக்குப் பெரும்பாலான இடங்களில் சில நூறு நொடிப் பதிவுதான். அதில் ஹாலோவின் விளிம்பைத் தேடுவது வீண். ஈரோசிட்டாவின் பலம் அடுக்கிப் பார்ப்பதில் இருக்கிறது. ஒரே நிறையுள்ள பல்லாயிரம் கேலக்ஸிகளின் படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் கூட்டினால், தனியாகத் தெரியாத வாயு சராசரியில் மேலே வரும். பால்வெளி அளவு கேலக்ஸிகளின் ஹாலோவை நான்கு சுற்றுத் தரவையும் அடுக்கி 2024இல் அளந்தது இப்படித்தான். வேறு எந்தக் கருவியாலும் இதைச் செய்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு இங்கே எக்ஸ் கதிர்ப் பக்கத்தில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. நீங்கள் அடுக்கும் கேலக்ஸிகளில் ஒரு பங்கு பெரிய குழுக்களின் துணைக் கேலக்ஸிகளாக இருந்தால், பக்கத்து வீட்டுப் பெரிய ஹாலோவின் ஒளியை உங்கள் கேலக்ஸியுடையது என்று எண்ணிவிடுவீர்கள். 30 ஆர்க்செகண்ட் கூர்மையில் நடுவில் இருக்கும் கருந்துளையையும் இரட்டைகளையும் பிரிக்கவும் முடியாது, மாதிரி வைத்துத்தான் கழிக்க வேண்டும். ஆக, நல்ல சிவப்புப் பெயர்ச்சி (கேலக்ஸியின் தூரத்தைச் சொல்லும் அளவு) உள்ள ஒளியியல் பட்டியலும், மையக் கேலக்ஸி எது, துணை எது என்ற பிரிப்பும் இல்லாமல் தொடங்காதீர்கள். மேலும் ஏழில் இரண்டு தொலைநோக்கிகளில் சூரிய ஒளி கசிகிறது. மென்மையான பக்கத்தில் வேலை செய்யும்போது ஐந்தாவதையும் ஏழாவதையும் விட்டுவிடுவது நல்லது.

எப்போது இது சரி? புள்ளியியலிலும் நிரலாக்கத்திலும் கை வந்தவர், "சராசரி கேலக்ஸி எப்படி?" என்று கேட்பவர் இதை எடுக்கலாம்.

## கிரிஸம்: வாயு எவ்வளவு வேகமாக ஓடுகிறது?

எக்ஸ்ஆர்ஐஎஸ்எம் என்று எழுதி கிரிஸம் என்று உச்சரிக்கிறார்கள். 2023 செப்டம்பர் 7இல் ஜப்பானின் தனேகஷிமாவிலிருந்து ஏவப்பட்டது. இதன் ரிசால்வ் கருவி சிசிடி இல்லை. வெப்பநிலையின் கீழ் எல்லையான முழுப் பூஜ்யத்துக்கு மேல் ஒரு டிகிரியில் 20இல் ஒரு பங்கு வரை குளிரூட்டிய 36 பிக்சல்கள். ஒவ்வொரு ஃபோட்டானும் உண்டாக்கும் சூட்டை அளக்கும். பிரிதிறன் சுமார் 5 எலெக்ட்ரான் வோல்ட். இந்தத் துல்லியத்தில் கோட்டின் அகலத்தைப் பார்த்தே வாயுவின் வேகத்தைச் சொல்லிவிடலாம்.

முன்னோடியான ஹிட்டோமி 2016இல் ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் உயிரோடு இருந்தது. அதற்குள் பெர்சியஸ் கொத்தின் நடுவில் வாயு நொடிக்கு 164 கிலோமீட்டர் வேகத்தில் மட்டுமே கொந்தளிக்கிறது என அளந்துவிட்டது. கருந்துளை அவ்வளவு ஆட்டம் போடும் இடத்தில் இவ்வளவு அமைதியா என்று துறையே வியந்தது. செண்டாரஸ் கொத்தின் நடுவில், என்ஜிசி 4696 என்ற பெருங்கேலக்ஸியைச் சுற்றி, வாயு நொடிக்கு 130 முதல் 310 கிலோமீட்டர் வேகத்தில் ஒட்டுமொத்தமாகத் தளும்பிக்கொண்டிருப்பதை கிரிஸம் காட்டியது. வாயு ஏன் குளிர்ந்து விண்மீனாகிவிடாமல் இருக்கிறது என்ற கேள்வியில் இது பெரிய அடி.

சரி, நமக்கு? ரிசால்வின் முன்னால் இருக்கும் பாதுகாப்புக் கதவு விண்வெளியில் திறக்கவில்லை. அதிலுள்ள பெரிலியம் சன்னல் வழியாகத்தான் பார்க்கிறது. 1.7 கேஇவிக்குக் கீழே ஒன்றும் வருவதில்லை. இரும்பு எல் திமில், ஆக்சிஜன் எல்லாம் போய்விட்டன. அரை கேஇவி வாயு உள்ள தனிக் கேலக்ஸிக்கு இது கிட்டத்தட்டக் குருடு. 1 கேஇவி உள்ள பிரகாசமான குழு என்றால் 1.86இல் சிலிக்கானும் 2.46இல் கந்தகமும் மிஞ்சும். இரும்பின் 6.7 கோட்டை நம்ப வேண்டும் என்றால் இன்னும் சூடான வாயு வேண்டும். கூர்மையும் ஒரு ஆர்க்மினிட்டுக்கு மேல் என்பதால், ஈரம் காயாத வாசலில் போட்ட கோலம் போல ஒரு பகுதியின் ஒளி பக்கத்துப் பகுதியில் கலந்துவிடும். அதைப் பிரிப்பதே தனி ஆய்வு.

எப்போது இது சரி? கொத்தின் நடுவில் இருக்கும் மிகப் பெரிய கேலக்ஸி, வேகம் பற்றிய கேள்வி, பக்கத்தில் அனுபவமுள்ள வழிகாட்டி. மூன்றும் இருந்தால் தயங்காதீர்கள். இன்றைக்கு இந்தத் துறையில் மிகப் புதிய தரவு இதுதான்.

## பட்டியலுக்கு வெளியே இரண்டு

சுசாக்கு: 2005 முதல் 2015 வரை இயங்கிய ஜப்பானியத் தொலைநோக்கி. கூர்மை 2 ஆர்க்மினிட்தான். ஆனால் பூமிக்கு அருகே சுற்றியதால் துகள் பின்னணி குறைவு, நிலையானது. என்ஜிசி 720 என்ற தனித்த நீள்வட்டக் கேலக்ஸியில், சந்திராவை மையத்துக்கும் சுசாக்குவை விளிம்புக்கும் வைத்து, சூடான வாயுவைச் சேர்த்தால் அணுப்பொருள் கணக்கு சரியாகிவிடுகிறது என்று 2011இல் ஹம்ஃப்ரி குழுவினர் காட்டினார்கள். உங்கள் கேலக்ஸிக்கு சுசாக்குப் பதிவு இருந்தால் தள்ளிவிடாதீர்கள்.

அஸ்ட்ரோசாட்: "நம்ம தொலைநோக்கி இருக்கே?" என்று கேட்பார்கள். 2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன அதன் எஸ்எக்ஸ்டி கருவி பிரகாசமான இரட்டைகளுக்கும் செயல்மிகு கருக்களுக்கும் (பொருளை விழுங்கி ஒளிரும் கேலக்ஸி மையக் கருந்துளைகள்) அருமையானது. மங்கலான ஹாலோவுக்கு அதன் பரப்பு போதாது.

## என்னைக் கேட்டால்

ஆறு மாத எம்.எஸ்சி. புராஜெக்ட்: சந்திராவில் நன்றாகப் பதிவான ஒரே ஒரு நீள்வட்டக் கேலக்ஸி. குழிகள் இருந்தால் அவற்றின் ஆற்றல், இல்லாவிட்டால் 30 கிலோபார்செக் வரை வெப்பநிலை வரைபடம். முடிக்கக்கூடிய வேலை.

பிஎச்.டி. முதல் ஆண்டு, நிறைக் கேள்வி: எக்ஸ்எம்எம்மும் சந்திராவும் சேர்த்து. சந்திரா படத்தில் புள்ளி மூலங்களைக் கண்டுபிடித்து, அதே பட்டியலை வைத்து எக்ஸ்எம்எம் படத்தில் மூடுங்கள். கூர்மைக்கு ஒன்று, பரப்புக்கு ஒன்று என்று இரண்டும் ஒன்றின் குறையை ஒன்று ஈடுகட்டும். காலம் இருமடங்கு ஆகும், பரவாயில்லை. ஒரே தரவை மட்டும் வைத்து ஹாலோவின் நிறையைச் சொல்லும் கட்டுரையை நான் இப்போதெல்லாம் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

எதை எடுத்தாலும் இறக்குவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். முதலாவது, கேலக்ஸி இருக்கும் திசையில் நம் பால்வெளியின் ஹைட்ரஜன் எவ்வளவு? ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அணுக்களின் எண்ணிக்கை 10இன் 21ஆம் அடுக்கைத் தாண்டினால் மென்மையான ஒளி வழியிலேயே போய்விடும், வேறு கேலக்ஸி பாருங்கள். இரண்டாவது, ஹாலோவின் ஆரத்தை ஆர்க்மினிட்டில் கணக்கிட்டு, படத்தில் அதற்கு வெளியே வெற்று வானம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். கடைசியாக, எக்ஸ்எம்எம் என்றால் காப்பகத்தில் எழுதியிருக்கும் பதிவு நேரத்தை நம்பாமல், 10 கேஇவிக்கு மேலான அந்த வரைபடத்தை முதல் நாளே போட்டுவிடுங்கள். 80,000 நொடி என்று எழுதியிருக்கும் பதிவில் 20,000 நொடிதான் தேறும் என்று தெரிந்தால், கேலக்ஸியை மாற்ற அன்றைக்குச் சுலபம். மூன்று மாதம் கழித்துத் தெரிந்தால் மாற்ற முடியாது.